கை உடைஞ்சா இழப்பீடு உண்டு... மனசு உடைஞ்சா?

போன மாசம் வரி தாக்கல் விஷயமா ஒருத்தர் வந்தார். ஐடி கம்பெனியில வேலை. பேச்சுவாக்குல தம்பியைப் பத்திச் சொன்னார். ஐடிஐ முடிச்சிட்டு, ஒரு கட்டுமான சைட்ல எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸா இருக்கான். மூணு லோன் ஆப்ல கடன். ராத்திரி தூக்கமே இல்ல. டாக்டர்கிட்ட போடான்னா, "பைத்தியம்னு பேர் வச்சிடுவாங்கண்ணே, அப்புறம் சாரத்துல ஏத்தவே மாட்டாங்க"ன்னு சொல்றானாம்.

தூக்கமில்லாம சாரத்துல ஏறுறதுதான் பெரிய ஆபத்துன்னு அவனுக்கு யார் சொல்றது?

அவனோட ஸ்டைபெண்ட் ஸ்லிப்பைப் பார்த்தேன். பிஎஃப் இல்ல, இஎஸ்ஐ இல்ல. காரணம், 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின்படி சேர்ந்தவர் 'பயிற்சி பெறுபவர்', தொழிலாளி அல்ல. வேலையில அடிபட்டா நிறுவனம் இழப்பீடு தரணும். ஆனா மன அழுத்தத்துக்கு? நாமதான் ஏற்பாடு பண்ணணும்.

1. இலவச உதவி: மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022-ல தொடங்கினது. 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் மனநலப் பிரிவு இருக்கு.

2. இன்ஷூரன்ஸ்: 2017 மனநலச் சட்டப்படி, உடல் நோய்க்கு இணையா மனநோய்க்கும் காப்பீடு தரணும். ஆனா பெரும்பாலான பாலிசி, ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான் பணம் தரும். கவுன்சிலிங் கட்டணத்துக்கு ஓபிடி கவர் இருக்கான்னு பாருங்க. ஏற்கெனவே சிகிச்சை எடுத்திருந்தா மறைக்காதீங்க. பின்னாடி கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

3. ரகசியம்: சிகிச்சை விவரத்தை ரகசியமா வைக்கணும்னு அதே சட்டம் சொல்லுது. டாக்டர் நேரா ஃபோர்மேனுக்கு போன் போட மாட்டார்.

4. கடன்: ஒரு கடனை அடைக்க இன்னொரு ஆப்ல வாங்க விடாதீங்க. மூணையும் ஒரே தாள்ல எழுதி, வட்டி அதிகமானதை முதல்ல முடிங்க.

அந்த அண்ணன் என்ன பண்ணார் தெரியுமா? முதல்ல பணம் அனுப்பல. ஞாயித்துக்கிழமை சைட்டுக்கே போய், டீக்கடையில உட்கார்ந்து, "எனக்கும் போன வருஷம் தூக்கம் வராம டாக்டரைப் பார்த்தேன்டா"ன்னு சொன்னார். தம்பி அப்பத்தான் வாயைத் திறந்தானாம். ரெண்டு பேரும் சேர்ந்தே 14416-க்குப் பேசியிருக்காங்க.

உங்க வீட்டுலயும் ஒரு தம்பி சைட்ல இருக்கலாம். இன்னைக்கு சாயங்காலம் ஒரு போன் போடுங்க. "காசு இருக்கா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, "தூங்குறியா?"ன்னும் கேளுங்க. ஓபிடி கவர் பத்தி அடுத்த வீடியோல விரிவா பார்ப்போம்.