கப்பல் நிற்கும் சில மணி நேரம்

உல்லாசக் கப்பல் பயணம் துரைமார்களுக்கே உரியது என்று நாம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று தோட்டத்துக் குடும்பங்களிலும், சம்பாதிக்கிற பிள்ளைகள் பெற்றோரைக் கப்பலில் அழைத்துச் செல்வதைக் காண்கிறோம். அப்படிப் போகிறவர்களின் கப்பல் சிங்கப்பூரில் ஒரு பகல் மட்டும் நின்றால், அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது? அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

முதலில் மணிக்கணக்கைச் சொல்லிவிடுகிறோம். கப்பல் புறப்படும் நேரம் வேறு, பயணிகள் ஏறிவிட வேண்டிய நேரம் வேறு. பின்னதைத்தான் நினைவில் வைக்க வேண்டும். இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூர் மணி இரண்டரை மணி நேரம் முந்தியது. கப்பலின் கடிகாரம் எந்த ஊர் மணியைக் காட்டுகிறது என்பதையும் இறங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேரோடு போகும். கப்பலுக்குப் பிந்தினால் கப்பலே போய்விடும்!

இத்தாலி நாட்டில் சிவிட்டாவெக்கியா என்றொரு துறைமுகம் இருக்கிறது. அங்கே இறங்குகிற கப்பல் பயணிகளில் பெரும்பாலோர் அந்த ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோமாபுரிக்கு ரயிலேறி விடுகிறார்கள். சிங்கப்பூரில் நம்மவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஹார்பர்பிரண்ட் துறையில் இறங்கி ரயிலேறினால் ஐந்தாவது நிலையம் லிட்டில் இந்தியா. நேரே தேக்கா, சேலைக்கடை, சாப்பாடு, பிறகு கப்பல். அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இரண்டாவது நிலையமான சைனாடவுனில் இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டுப் போங்கள் என்கிறோம்.

அங்கே சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1819இல் ராபிள்ஸ் துரையின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை என்பவர் 1827இல் தொடங்கிய கோயில் அது. முதலில் மரமும் அத்தாப்புக் கூரையுமாகத்தான் இருந்தது. நம் பழைய லயங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில் தெலுக் ஆயர் தெரு. மலாய் தெரிந்தவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. தெலுக் என்றால் வளைகுடா, ஆயர் என்றால் தண்ணீர். அந்தத் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா நிற்கிறது. பக்கத்திலேயே 1839இல் கட்டத் தொடங்கிய சீனர்களின் தியான் ஹாக் கெங் கோயில், கடல் தெய்வமான மாசூவுக்கு உரியது. இரண்டும் அன்று கடலைப் பார்த்தபடி இருந்தவை. அலையில் பிழைத்துக் கரையேறியவர்கள், யாராயிருந்தாலும், முதலில் வந்து நன்றி சொன்ன இடங்கள்.

நாங்கள் போனபோது எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி எங்களோடு வந்தார். பால்மரக் காட்டிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவருடைய தகப்பனார் ரஜுலா கப்பலில் டெக் பயணியாக வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், இறங்கியவராம். கடற்கரைத் தெரு என்று நாங்கள் சொல்லவும் பாட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். வானளாவிய கட்டடங்கள்தான் தெரிந்தன. "கடல் எங்கேப்பா?" என்றார். காலுக்குக் கீழேதான் பாட்டி, எதிர்ப்பக்கம் முழுவதும் மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடம் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்போ அந்தக் கப்பல்காரங்களுக்கு இப்ப வழி தெரியாதே!" என்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அந்தக் கரையைத் தூர்க்கத் தொடங்கிவிட்டார்கள். 1960 வாக்கில் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730ஐத் தாண்டிவிட்டது. 2012இல் திறந்த மரினா பே கப்பல் நிலையமும் கடலைத் தூர்த்த நிலத்தில்தான் இருக்கிறது. அங்கே இறங்குகிறவர்கள் முதலடியையே பழைய கடலின் மேல்தான் வைக்கிறார்கள்.

பிறகு தேக்காவுக்குப் போகலாம். மாடு வளர்ப்பாலும் மாட்டு வியாபாரத்தாலும் வளர்ந்த வட்டாரம் அது. கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்ற பெயர்களே எருமையைச் சொல்லும். 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் தோசை கிடைக்கும். ரிங்கிட்டிலோ ரூபாயிலோ கணக்குப் போட்டால் தொண்டையில் இறங்காது, அதனால் சாப்பிட்ட பிறகு போடுங்கள்.

ரஜுலா 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான அந்தக் கப்பல் பயணம் நின்றுபோயிற்று. அந்நாளில் டெக் பயணிகள் எல்லாரும் நினைத்தவுடன் ஊருக்குள் போய்விட முடியாது. காலரா அச்சத்தால் 1874இல் செயிண்ட் ஜான் தீவில் தடுப்பு முகாம் அமைத்தார்கள். நோய் கண்ட கப்பலில் வந்தவர்கள் அங்கே தங்கிவிட்டுத்தான் ஊரைப் பார்க்க வேண்டும். சிலர் அங்கேயே மண்ணாகவும் போனார்கள்.

அந்தத் தீவுக்குப் படகில் போய்வர நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாலையில் கப்பல் புறப்படும்போது அறைக்குள் போய்ப் படுத்துவிடாமல் மேல்தட்டில் நில்லுங்கள். நகரத்தின் விளக்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரு பக்கம் கூடுவார்கள். நீங்கள் தெற்குப் பக்கம் பாருங்கள். மரங்கள் அடர்ந்த சிறு தீவுகள் தெரியும். அவற்றில் எது செயிண்ட் ஜான் என்று கப்பல் ஊழியரிடம் கேளுங்கள். எங்கள் பாட்டி அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அது கண்ணுக்கு மறையும் வரை கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.