காரில்லாத ஓட்டுநரும் கார் இன்ஷூரன்ஸும்

நம்மில் பலருக்குக் கார் ஓட்டத் தெரியும், லைசென்சும் உண்டு, கார்தான் இல்லை. மைத்துனரின் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு திருமணத்திற்குச் செல்கிறோம். நண்பருக்கு உடல்நலமில்லை எனின் அவர் காரை நாமே ஓட்டி அவரை மருத்துவமனையில் சேர்க்கிறோம். இவ்வாறு எப்போதோ ஒருமுறை ஓட்டுவோர் ஒருபுறமிருக்க, பிறருடைய காரை ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டோர் நாடெங்கும் இருக்கின்றனர். ஆயுள் முழுதும் சக்கரத்தைப் பிடித்தும் ஒரு வண்டியும் தம் பெயரில் இல்லாதவர்கள் அவர்கள். இவர்கள் அனைவருக்கும் உரிய கேள்வி ஒன்றுண்டு. “வண்டி என்னுடையதன்று, ஓட்டுவது நான். எனக்கென்று ஓர் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ள என்ன செலவாகும்?”

அமெரிக்காவில் இக்கேள்விக்கு நேரான விடையுண்டு. அங்கே காரில்லாதவரும் தம் பெயரில், தாம் பிறருக்கு விளைக்கும் தீங்கிற்குப் பொறுப்பேற்கும் பாலிசி ஒன்றை வாங்கலாம். ஓட்டுநரின் பழைய விபத்துக்களையும் அபராதங்களையும் பார்த்து அதன் கட்டணத்தை நிர்ணயிப்பார்கள். நம் நாட்டுச் சட்டம் வேறு வழியிற் செல்கிறது. இங்கே மோட்டார் இன்ஷூரன்ஸ் மனிதரைப் பின்தொடர்வதில்லை; வண்டியைப் பின்தொடர்கிறது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோது ஏற்பட்ட முறை இது. இப்போதுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. பொது வீதியில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும், அதனால் மூன்றாம் நபருக்கு நேரும் தீங்கிற்கான பாலிசி இருந்தாக வேண்டும்.

ஆகவே கட்டணமும் வண்டியைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. 2022 ஜூன் முதல் தேதி தொடங்கி அரசாங்கம் நடைமுறைப்படுத்திய விகிதத்தில், 1000 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் உள்ள சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டொன்றுக்கு 2,094 ரூபாய். 1500 சி.சி. வரையில் 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். ஓட்டுபவர் இருபது வயது இளைஞரா, முப்பதாண்டு பழகியவரா என்பதை இக்கணக்கு கேட்பதே இல்லை. இது முழு நியாயமா என்பது வேறு விவாதம். காரில்லாத ஓட்டுநர் இத்தொகையில் ஒரு காசும் தருவதில்லை. உரிமையாளர் செலுத்திய பிரீமியத்தின் நிழலில் அவர் நிற்கிறார்.

அந்த நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்பதைத்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும். உரிமையாளரின் அனுமதியோடு, செல்லத்தக்க லைசென்ஸ் உடைய எவர் ஓட்டினாலும் பாலிசி செல்லும். நாம் ஓட்டும்போது பாதசாரி ஒருவர் அடிபட்டால், அவருக்கோ அவர் குடும்பத்திற்கோ நியாயமன்றம் விதிக்கும் நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்கும். உயிருக்கும் உடலுக்கும் நேர்ந்த தீங்கில் அதற்கு உச்சவரம்பில்லை. பிறர் சொத்துக்கு நேரும் சேதத்திற்குச் சொந்தக் கார் பாலிசிகளில் வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய் வரை இடமுண்டு.

லைசென்ஸைப் பற்றி நெடுநாளாக ஒரு குழப்பம் இருந்து வந்தது. இலகுரக வண்டி லைசென்ஸ் வைத்திருப்பவர் வாடகைக் காரையோ சிறு சரக்கு வண்டியையோ ஓட்டி விபத்து நேர்ந்தால், உரிய லைசென்ஸ் இல்லை என்று கம்பெனிகள் வாதாடுவதுண்டு. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு இதைத் தீர்த்து வைத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியாயின் அந்த லைசென்ஸே போதும் என்பது தீர்ப்பு.

வண்டிக்குப் பாலிசியே இல்லாமற்போனால் என்ன ஆகும்? இரவல் வாங்கும்போது எவரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. மைத்துனரிடம் பாலிசியைக் காட்டச் சொல்வது நமக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டுபவரையும் 196-ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஓட்டவிட்டவரோடு குற்றம் நின்றுவிடுவதில்லை. முதல் முறை மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதம் சிறிது. அடிபட்டவரின் நஷ்டஈடோ பல லட்சமாகலாம். அதைக் கம்பெனி தராதபோது, கவனக்குறைவாக ஓட்டியவர் என்ற முறையில் நாமும், உரிமையாளர் என்ற முறையில் அவரும் கொடுக்கக் கடமைப்படுவோம். சம்பளத்துக்கு ஓட்டுபவரிடம் மட்டும் சட்டம் சற்று இரக்கம் காட்டுகிறது. பாலிசி இல்லை என்பதை அவர் அறியாதிருந்து, அவ்வாறு ஐயுறக் காரணமும் இல்லையெனின், 146-ஆம் பிரிவை மீறியவராக அவர் கருதப்படமாட்டார். தேதி கடந்த பாலிசி கண்ணெதிரே கிடந்தும் ஓட்டினவருக்கு இச்சலுகை கிட்டாது. இன்று வண்டியின் எண்ணைக் கைப்பேசியில் இட்டாலே பாலிசி எந்நாள் வரை உயிரோடிருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. ஆதலின் உறவினரிடம் வாய் திறந்து கேட்கும் சங்கடமும் இல்லை.

இதுவரை சொன்னது பிறருக்கு நேரும் தீங்கைப் பற்றியது. ஓட்டுபவர் தாமே மாண்டால்? இவ்விடத்தில்தான் நிழல் சட்டென்று குறுகிவிடுகிறது.

கர்நாடகத்தில் ஒருவர் இரவல் மோட்டார் சைக்கிளிற் சென்றபோது, முன்னே சென்ற மாட்டு வண்டியில் மோதி உயிரிழந்தார். அவர் குடும்பத்தினர் மோட்டார் சைக்கிளின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்டஈடு கோரினர். யாருடைய தவறு என்று மெய்ப்பிக்காமலே நஷ்டஈடு பெற அப்போதிருந்த 163-ஏ பிரிவின்கீழ் தொடுத்த வழக்கு அது. 2009-இல் சுப்ரீம் கோர்ட் கூறியது இதுதான்: வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், உரிமையாளர் தம் வண்டியின் பாலிசிக்கு மூன்றாம் நபர் ஆகமாட்டார், ஆகவே இரவல் வாங்கியவரும் ஆகமாட்டார். 2020-இல் இராஜஸ்தானத்து வழக்கொன்றிலும் இதே கருத்து நிலைநாட்டப்பட்டது. அங்கே எதிரே வந்த மற்றொரு வண்டியின்மீது வழக்குத் தொடராமல், தாம் ஓட்டிய வண்டியின் கம்பெனியையே குடும்பத்தினர் பற்றினர். பாலிசியின் சொந்த விபத்துப் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் மட்டுமே அவர்களுக்குக் கிடைத்தது. 2025-இல் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, 163-ஏ பிரிவைப் பற்றிய இக்கொள்கையைப் பெரிய அமர்வு மீண்டும் ஆராய வேண்டும் என்று அனுப்பி வைத்தது. எனினும் ஒரு குடும்பம் தன் நாளைய உணவை நீதிமன்றத்தின் நாளைய தீர்ப்பில் நம்பி வைத்திருக்க இயலாது.

சொந்த விபத்துப் பிரிவு என்றோம். 2018-ஆம் ஆண்டு முதல் அதன் தொகை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொடக்கத்தில் அதற்கு விதித்த பிரீமியம் ஆண்டுக்கு 750 ரூபாய். அதன் பெயரே ‘உரிமையாளர்-ஓட்டுநர்’ பிரிவு என்பதாகும். பதிவுப் புத்தகத்தில் பெயருள்ள, லைசென்சும் உள்ள உரிமையாளருக்கென ஏற்பட்டது அது. பிறர் காரை ஓட்டுபவர் இதைத் தனியே வாங்க வழியில்லை.

அப்படியாயின் காரில்லாதவர் எதை வாங்குவது? கார் இன்ஷூரன்ஸை மறந்துவிட்டு விபத்து இன்ஷூரன்ஸை நாட வேண்டும். பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் விற்கும் தனிநபர் விபத்துப் பாலிசி, ஆள் எந்த வண்டியில் இருந்தார் என்று பார்ப்பதில்லை. அவர் தொழிலையும் கோரும் தொகையையும் பார்த்துக் கட்டணம் விதிக்கும். ஓட்டுநர் தொழிலுக்கு அலுவலகக் குமாஸ்தாவின் தொழிலைக் காட்டிலும் விகிதம் கூடுதல். தொழிலை மறைத்துக் குறைந்த கட்டணம் செலுத்துவோர் பின்னர் தொகையே கிடைக்காமல் வருந்த நேரும். அதற்கும் இயலாதவர்க்கு 2015-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா இருக்கிறது. பாங்கிலோ தபாலாபீஸிலோ சேமிப்புக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலானோர் சேரலாம். தொடக்கத்தில் 12 ரூபாயாக இருந்த ஆண்டுக் கட்டணம் 2022 ஜூன் முதல் 20 ரூபாய் ஆயிற்று. விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாயும், பகுதி ஊனத்திற்கு 1 லட்சம் ரூபாயும் உண்டு. இரண்டு லட்சம் ஒரு குடும்பத்திற்குப் போதாதுதான். இருபது ரூபாயில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இயலாது. ஆண்டுக் கணக்கு ஜூன் முதல் தேதி தொடங்குவதால், மே இறுதியில் கணக்கிற் பணமில்லாதவருக்குக் காப்பு அறுந்துபோகும். இதை அறியாமல் இழந்தோர் உண்டு.

இரவல் வாங்குவோர் எண்ணிப் பாராத செலவு மற்றொன்று. விபத்தேதும் கோராத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழிவு தருகிறார்கள். முதலாண்டுக்குப் பின் நூற்றுக்கு 20, ஐந்தாண்டுக்குப் பின் 50. நாம் தூணில் உராய்ந்த காரை நண்பர் தம் பாலிசியிற் பழுது பார்த்துக்கொண்டால் அக்கழிவு முழுதும் போய்விடும். அவருடைய முழுப் பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6,000 செலுத்தி வந்தவர் அடுத்த ஆண்டு 12,000 செலுத்துவார். உராய்வுக்கு ஆன செலவு நாலாயிரமானால், அதை நாமே கொடுத்துவிடுவது கணக்குக்கும் நட்புக்கும் நல்லது. இரவலுக்கு வாடகை என்று பணம் கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும். சொந்த உபயோகக் காரை வாடகைக்கு விட்டால் பாலிசியின் ஷரத்தே மீறப்படுகிறது.

இறுதியாக, ஓட்டுநரை வேலைக்கு வைத்திருப்போருக்கு ஒரு சொல். சம்பள ஓட்டுநருக்கு வேலையில் நேரும் தீங்கிற்கு, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் விதித்த அளவுக்கு மோட்டார் பாலிசி தானே பொறுப்பேற்கும் என்பது நெடுங்கால ஏற்பாடு. அச்சட்டத்தின் விஷயம் இப்போது 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கியிருக்கிறது. அந்த அளவுக்கு மேலும் உரிமையாளருக்குள்ள பொறுப்பைக் கம்பெனியின் தலையில் ஏற்ற, ஓட்டுநர் ஒருவருக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும். ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் பணம். ஆயினும் ஏஜெண்டு கேட்பதில்லை, உரிமையாளர் சொல்வதில்லை, ஓட்டுநருக்கோ அப்படியொன்று இருப்பதே தெரியாது. பாலிசியின் பிரீமியக் கணக்கு அச்சிட்ட இடத்தில், சம்பள ஓட்டுநருக்கான பொறுப்பு என்ற வரியைத் தேடிப் பார்த்து, அதற்கெதிரே 50 என்று இருக்கிறதா, சூனியம் இருக்கிறதா என்று அடுத்த புதுப்பித்தலின்போது இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.