சுங்கமும் கோட்டையும்

பண்டைக் கிரேக்கர், தாய்நகரின் நிலம் பெருகிவரும் குடிகளுக்குப் போதாமற்போன காலங்களில், ஒரு தலைவனுக்குக் கீழ்க் கப்பலேறிச் சென்று, சிசிலித் தீவில் சிராகூஸ், பிரான்சின் தென்கரையில் மார்செய் என்று அந்நிய மண்ணில் நகரங்களை ஸ்தாபித்து, தங்கள் தெய்வங்களையும் சட்டங்களையும் அங்கே நிலைநாட்டினர். தமிழகக் கடற்கரைக்கு வந்த யவனர்கள் எனப்பட்ட கிரேக்க, ரோம வணிகர்கள் அவ்வாறு நகரம் எதையும் ஸ்தாபிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த துறைமுகங்களுக்கு வர்த்தகம் செய்யவே வந்தனர்.

அவர்கள் வரவின் அடையாளங்களைத் தேடிச் சென்னையை அடுத்த தாம்பரத்தில் வசிப்போர் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மாம்பலத்தில் கிடைத்த புதையலொன்றில், நம் நாட்டு முத்திரைக் காசுகளோடு ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் வெள்ளிக் காசும் கலந்திருந்தது. செங்கற்பட்டைக் கடந்து கிழக்கே ஓடும் பாலாறு கடலோடு கலக்குமிடத்துக்கு அருகில், வசவசமுத்திரம் என்னும் சிற்றூரில் நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி குறித்த கீழைக்கரைத் துறைகளுள் ஒன்றை மயிலாப்பூர் என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர்.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் அகழ்ந்த மார்டிமர் வீலர், இத்தாலியில் வனைந்த செந்நிறக் கலங்களைக் கண்டு, அதை ரோம வர்த்தகத் தலமென உலகறியச் செய்தார். எனினும், 1989 முதல் 1992 வரை அங்கே ஆராய்ந்த விமலா பெக்லி முதலியோர், ரோமக் கலங்கள் வருமுன்பே அது குடியும் தொழிலும் நிறைந்த ஊராயிருந்ததை எடுத்துக்காட்டினர்.

ஆடிமாதத்தை ஒட்டிச் செங்கடலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் புறப்பட்ட கப்பல்கள், வடகிழக்குக் காற்று எழும்வரை திரும்ப வழியில்லாமையால், யவனர் இங்கே மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. சோழர் துறைமுகமான புகாரில் அவர்கள் குடியிருந்த பகுதியைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஆயினும் அந்நகரத்துச் சரக்குகளின்மேல் சோழனின் புலி முத்திரையைப் பொறித்துச் சுங்கம் கொண்டவர்கள் அரசனுடைய ஆட்களே என்பதைப் பட்டினப்பாலையால் அறிகிறோம்.

இதே கரையில் 1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அப்பகுதியை ஆண்ட நாயக்கரிடம் பெற்ற சாசனத்தில், கோட்டை கட்டும் உரிமையும் தன் சரக்குக்குச் சுங்க விலக்கும் அடங்கியிருந்தன. யவனர் வந்தும் குடியேற்ற நாடாகாத கரை, பிற்காலத்தில் அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட கதை அவ்விரண்டு சலுகைகளிலிருந்தே தொடங்குகிறது.