ஒருவர் குறிபார்க்க, எல்லோரும் வீச

1944 ஏப்ரல் 10 அன்று இங்கிலாந்திலிருந்து கிளம்பிய அமெரிக்க லைட்னிங் போர் விமானங்கள், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸின் கூலோமியே விமானத்தளத்தின்மேல் குண்டு போட்டன. அணிக்குத் தலைமை தாங்கிய விமானத்தில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. அதன் மூக்கில் இருந்த ஆயுதங்களைக் கழற்றிவிட்டு, பிளெக்சிகிளாஸ் முகப்பு ஒன்றை மாட்டி, நார்டன் என்ற குறிபார்க்கும் கருவியோடு ஒரு குண்டுவீச்சாளரை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அவர் குண்டை விடுவிக்கும் கணத்தில் பின்னால் வருபவர்களும் விடுவிக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ‘ட்ரூப் ஸ்னூட்’ என்று விமானிகள் அழைத்த இந்த விமானத்தைப் போர் வரலாறுகள் பெரும்பாலும் ஒரு விநோதப் பொருளாகவே குறிப்பிட்டுக் கடந்துவிடுகின்றன. அது நியாயமில்லை என்பது என் எண்ணம். குண்டைச் சுமப்பதும் குறிபார்ப்பதும் இரு வேறு வேலைகள், இரண்டையும் ஒரே ஆளிடம் தர வேண்டியதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய விமானங்கள் அந்தப் போரில் குறைவு.

இந்த மாற்றத்துக்கு லைட்னிங்கின் உருவமே இடம் கொடுத்தது. ஒற்றை எஞ்சின் போர் விமானத்தில் மூக்கு முழுவதையும் எஞ்சின் அடைத்துக்கொள்ளும். லைட்னிங்குக்கோ இரண்டு எஞ்சின்கள், இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக. நடுவில் இருந்த விமானி அறைக்கு முன்னால் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளும் ஒரு 20 மி.மீ. பீரங்கியும் மட்டுமே. அவற்றை எடுத்தால் ஓர் ஆள் ஒடுங்கி உட்கார இடம் கிடைக்கும். இங்கிலாந்தின் பொவிங்டன் தளத்திலும் வட அயர்லாந்தின் லாங்ஃபர்ட் லாட்ஜ் பணிமனையிலும் இந்த வேலை உருப்பெற்றது. அந்த ஆளுக்கான தேவையும் உண்மையானது. மட்டமாகப் பறந்து குண்டு போட உயரம், வேகம், காற்று தள்ளும் அளவு எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். தனியாக இருக்கும் விமானிக்குத் தன் விமானத்துக்கு நேர் கீழே இருக்கும் தரைகூடத் தெரியாது. செங்குத்தாகப் பாய்ந்து கண்ணால் குறிபார்க்கலாமே என்று கேட்கலாம். செய்தார்கள். 1944 ஜூன் 10 அன்று ருமேனியாவின் ப்ளோயெஷ்டி எண்ணெய் ஆலையை அப்படித் தாக்கச் சென்றபோது, துணைக்குப் போனவற்றையும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்ட லைட்னிங்குகள் திரும்பி வரவில்லை.

அப்படியானால் பத்துப் பேர் ஏறும் ஃப்ளையிங் ஃபோர்ட்ரஸ் குண்டுவீச்சு விமானங்களையே நிறுத்திவிட்டு லைட்னிங்குகளை அனுப்பியிருக்கலாமே? தொலைதூரப் பயணத்தில் ஒரு ஃபோர்ட்ரஸ் சுமந்த இரண்டு, இரண்டரை டன்னை மூன்று லைட்னிங்குகள் கொண்டுபோகும். ஆபத்தில் இருப்பவர்கள் மூவர்தான். கணக்கு கவர்ச்சியானது, ஆனால் பாதிதான் உண்மை. லைட்னிங் குண்டைத் தொங்கவிடும் அதே இடத்தில்தான் கூடுதல் எரிபொருள் தொட்டியையும் தொங்கவிட வேண்டும். தொலைவு கூடினால் குண்டு குறையும். மேலும் குண்டு சுமக்கப் போன ஒவ்வொரு லைட்னிங்கும், கனரக விமானங்களுக்குக் காவல் போகாத ஒரு லைட்னிங். அந்த வசந்தத்தில் ஜெர்மன் விமானப்படையை வானில் முறிப்பதே முதல் வேலையாக இருந்தது. ஆகவே பெர்லின் போன்ற தொலைதூர இலக்குகளுக்கு இந்த முறை மாற்று அல்ல. பிரான்ஸின் விமானத்தளங்களுக்கு ஏற்ற வழி என்பதோடு என் வாதத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: முன்னால் இருப்பவர் தவறினால் எல்லோரும் தவறுவார்கள். மறுக்க முடியாது. ஆனால் ஒப்பிட வேண்டியது பிழையில்லாத குறியோடு அல்ல, பயிற்சியில்லாத பல பேரின் தனித்தனி ஊகங்களோடு. கனரக விமானங்களிலேயே தேர்ந்த ஒரு குழுவைப் பின்பற்றி எல்லோரும் குண்டு விடும் முறையை 305ஆவது குண்டுவீச்சுப் பிரிவில் கர்ட்டிஸ் லெமே முன்பே கொண்டுவந்திருந்தார். சிறந்த கண் அரிது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவர் சைகையைக் கண்டு அரை வினாடி தாமதித்தால், அவர் குண்டு சுமார் 67 மீட்டர் தள்ளி விழும். அணியின் அகலமும் அப்படியே தரையில் பதியும். பரந்த ஓடுதளத்துக்கு அந்தச் சிதறல் பொருந்தும். ஒரு பாலத்துக்குப் பொருந்தாது. அருகில் பிரெஞ்சுக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் இருந்தால், அந்த 67 மீட்டர் வெறும் எண் அல்ல. மேகம் மூடினால் நார்டன் கருவியும் பயன்படாது. அதற்காகப் பின்னர் சில லைட்னிங்குகளின் மூக்கில் ரேடார் ஏறியது.

தலைமை விமானத்தை எதிரி தேடி வீழ்த்தினால்? இதற்குக் கண்ட விடை எளிமையானது: சாதாரண லைட்னிங்குகளின் மூக்கையும் கண்ணாடி முகப்புபோல் பளபளக்கத் தேய்த்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நிராயுதபாணி எது என்று பிரித்தறிவது கடினம்.

பிரிட்டிஷார் இதே சிந்தனைக்கு வேறு வழியில் வந்தார்கள். 617ஆவது ஸ்குவாட்ரனின் லெனர்ட் செஷைர், 1944 ஜூனில் சிராகூர் என்ற பிரெஞ்சு ஊரருகே இருந்த ஏவுகணைத் தளத்துக்கு ஒற்றையாள் மஸ்டாங் போர் விமானத்தில் தாழப் பறந்து சென்று அடையாளம் இட்டார். லங்காஸ்டர் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் அதைப் பார்த்துக் குண்டு போட்டன. அவருக்குக் குண்டுவீச்சாளர் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர் விட்டது பெருங்குண்டல்ல, குறி. அமெரிக்க எட்டாவது விமானப்படையோ அந்த ஆண்டு இலையுதிர்காலத்துக்குள் தன் லைட்னிங் பிரிவுகளுக்கெல்லாம் மஸ்டாங்குகளைக் கொடுத்துவிட்டது. வட ஐரோப்பாவின் உயரக் குளிரில் திணறிய லைட்னிங் எஞ்சின்களோடு ஒப்பிட்டால், காவல் வேலைக்கு அது சரியான முடிவு. ஆனால் மஸ்டாங்கின் மூக்கில் எஞ்சின் இருந்தது. குண்டுவீச்சாளர் உட்கார அங்கே இடமில்லை.