வீட்டில் இருந்தபடியே ‘வீட்டுக்குப் போகணும்’

விளக்கு வைக்கும் நேரம். அதுவரை திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் இறங்குகிறார். “வீட்டுக்குப் போகணும். ஆத்தா தேடும்” என்கிறார். அவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குடியிருப்பதும் இதே வீட்டில்தான். “இதுதாம்மா நம்ம வீடு. அம்மாச்சி போய்ச் சேர்ந்து முப்பது வருஷமாச்சு” என்கிறாள் மகள்.

அம்மாவின் முகம் உடைந்துபோகிறது. பெற்றவள் இறந்த செய்தியை அவர் இப்போதுதான் கேட்கிறார். நாளைக்குச் சொன்னாலும் புதிதாகத்தான் கேட்பார்.

டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். மகள் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சாயங்காலம் இருவருக்குமே கெட்டுப்போனது.

நிகழ்ச்சி போகும், வலி நிற்கும்

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை அது தொடக்கத்திலேயே தாக்குகிறது. அதனால்தான் காலையில் தின்ற இட்லி நினைவில்லாதவருக்குச் சிறுவயதில் குளித்த வாய்க்கால் துல்லியமாக நினைவிருக்கிறது.

உணர்ச்சியின் கதை வேறு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் போட்டுக் காட்டினார்கள். 2014இல் வெளியான ஆய்வு அது. பார்த்த படம் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் மறந்துவிட்டது. படம் தந்த துக்கமும் மகிழ்ச்சியும் அதற்குப் பிறகும் அவர்களிடம் இருந்தன. ஏன் துக்கமாக இருக்கிறோம் என்பது தெரியாமலே துக்கமாக இருந்தார்கள்.

நம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நாம் அதட்டியதை அப்பா மறந்திருப்பார். அதட்டல் விட்டுப்போன கலக்கத்தோடு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும்போது, “காரணமே இல்லாமல் முரண்டு பிடிக்கிறார்” என்போம்.

‘அவருக்கு ஒன்றும் தெரியாது’ என்பது

1901இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். பெயர் அகஸ்ட் டீட்டர். அவரைக் கவனித்த அலாய்ஸ் அல்சைமரின் பெயரில்தான் இந்த நோய் இன்று அழைக்கப்படுகிறது. தன் பெயரைக்கூட முழுதாக எழுத முடியாமல் தடுமாறிய அந்தப் பெண், தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்னதை மருத்துவர் குறித்துவைத்தார். இந்த நோயோடு மருத்துவம் பதிவுசெய்த முதல் மனிதருக்கே, தன்னிடமிருந்து எது நழுவுகிறது என்பது தெரிந்திருக்கிறது.

அந்தத் தெரிதலோடு பயமும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன. “பீரோ சாவியை மருமக எடுத்துட்டா” என்ற குற்றச்சாட்டு பல வீடுகளை உடைத்திருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே எங்கோ ஒளித்துவைத்திருப்பார். வைத்தது நினைவில்லை, சாவியையும் காணவில்லை. அந்த வெற்றிடத்தை மனம் ஒரு திருட்டுக் கதையால் நிரப்பிக்கொள்கிறது. அந்தப் பழியை மருமகள் தன்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டாம். “வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்” என்றால் அன்றைய பொழுது தப்பிக்கும்.

எப்படிப் பேசுவது?

பிரிட்டன் உளவியலாளர் டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூலில், மூளையின் சேதம் மட்டுமே இவர்களை முடக்குவதில்லை, சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதமும் முடக்குகிறது என்று எழுதினார். அவசரப்படுத்துவது, குழந்தையாக்குவது, எதிரில் இல்லாததுபோலப் பேசுவது, ஏமாற்றுவது எல்லாம் அவர் பட்டியலில் உண்டு.

நம் ஊர்ப் பட்டியலில் நான் முதலில் சேர்ப்பது, பார்க்க வரும் உறவினர்கள் நடத்தும் பரீட்சை: “நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!” தயவுசெய்து இதை நிறுத்துங்கள். வாசலில் நுழையும்போதே “மாமா, நான் உங்க தங்கச்சி பேரன் வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டால், அவர் தோற்கவேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுக்குப் போகணும் என்ற அம்மாவிடமும் அப்படித்தான். திருத்தவும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். “ஆத்தா ஞாபகம் வந்துடுச்சாம்மா? அவங்க வைக்கிற மீன்குழம்பு எப்படி இருக்கும்?” என்று கேட்டுக்கொண்டே தெருமுனை வரை கைபிடித்து நடந்து திரும்பலாம். அவர் தேடுவது பெரும்பாலும் பாதுகாப்பை. பொழுது சாயும்போது இந்தத் தவிப்பு பலருக்குக் கூடும் என்பதால், இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள்.

வேலையும் கொடுங்கள். கீரை ஆயலாம், பூத் தொடுக்கலாம், துணி மடிக்கலாம். கோணலாக மடித்ததை அவர் கண்ணெதிரே பிரித்து மடிக்காதீர்கள்.

திடீரென்று மோசமானால்

டிமென்ஷியா பொதுவாக மெல்லத்தான் முற்றும். இரண்டே நாளில் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என ஏதாவது காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும்; அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவும்.

பார்த்துக்கொள்பவருக்கு யார்?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் வீட்டில், மனைவியோ மகளோ மருமகளோதான் பார்த்துக்கொள்கிறார்கள். இரவில் தூக்கமில்லை, எரிச்சல் வருகிறது, பிறகு குற்ற உணர்வு வருகிறது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567இல் வழிகாட்டுதல் கேட்கலாம். 1992இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் சங்கம் குடும்பங்களுக்காகவும் இயங்குகிறது.

உறவினர்கள் போனில் யோசனை சொல்வதைவிட, “ஞாயிற்றுக்கிழமை மூணு மணி நேரம் சித்தி பக்கத்துல நான் உட்கார்ந்துக்கறேன்கா, நீங்க படுத்துத் தூங்குங்க” என்று வந்து நிற்கலாம்.