கண்ணுக்குத் தெரிந்த ஆங்கிலம் காதுக்குப் பிடிபட

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் பலர் ஆங்கில மின்னஞ்சலைத் தடுமாறாமல் எழுதிவிடுகிறார்கள். இரவில் அமெரிக்க க்ளையன்டோடு கால் தொடங்கியதும்தான் திணறல். அவர் சொன்னதில் பாதி நழுவிவிடுகிறது. திரும்பக் கேட்கக் கூச்சம். தமிழ்வழியிலும் சிற்றூர்ப் பள்ளிகளிலும் படித்தவர்களுக்கு ஆங்கிலம் பாடப்புத்தகத்திலிருந்தே வந்தது. காதுக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

பேச்சில் சொற்கள் தனித்தனியாக வருவதில்லை. 'வாட் டூ யூ வான்ட் டு டூ' என்று நாம் படித்தது, அமெரிக்கர் வாயில் 'வாடியா வானடூ' என்று ஒரே மூச்சில் வந்து விழும். நாமும் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்டிருக்கேன்' என்றுதானே பேசுகிறோம்? அதோடு, ஆங்கிலத்தில் முக்கியமான சொல்லை அழுத்திச் சொல்லி, 'ஆஃப்', 'டு', 'ஹேவ்' போன்றவற்றை விழுங்கிவிடுவார்கள். 'கேன்ட்' என்பதன் கடைசி 'ட்' பல நேரம் காதில் விழாது. முடியும் என்றாரா, முடியாது என்றாரா? டெலிவரி தேதியே அதில் மாறிப்போகும்.

இந்தச் சிக்கலுக்கு ஒலிப்பாடம் பழைய மருந்துதான். பிபிசி 1943-லேயே வானொலி வழியே ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-ல், சுமார் 1,500 சொற்களுக்குள் நிதானமாகச் செய்தி வாசிக்கும் நிகழ்ச்சியைக் கொண்டுவந்தது. இன்று பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது.

அந்த எழுத்து வடிவம்தான் உயிர்நாடி. 2025 ஆகஸ்டில் வந்த மஞ்சள் தட மெட்ரோவில், ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை பாட்காஸ்டை ஓடவிட்டபடி வேறு யோசனையில் போனால் பலன் சொற்பமே. ஒரே ஒரு நிமிடப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள். மூன்றாம் முறை, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் நமக்கு நன்றாகத் தெரிந்த சின்னச் சொற்களாகவே இருக்கும். அந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்க்குப் பழகிய ஒலி காதுக்குச் சீக்கிரம் பிடிபடும். வேகத்தை முதலில் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் இயல்பான வேகத்தில் கேட்டுத்தான் முடிக்க வேண்டும்.

உச்சரிப்பையும் தேவை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். க்ளையன்ட் டெக்சாஸ்காரர் என்றால் லண்டன் ஆங்கிலம் மட்டும் போதாது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுபவர்கள் பல நாட்டு உச்சரிப்புகளையும் கேட்க வேண்டும். அதன் கேட்டல் பகுதியில் 40 கேள்விகளுக்கும் ஒலி ஒரே முறைதான்.

எல்லாவற்றிலும் சிறந்த பாடம், சொந்த ப்ராஜெக்ட்டின் மீட்டிங் பதிவு. அதே குரல்கள், அதே சொற்கள்தான் நாளையும் வரும். டீம் லீடர்களே, நிறுவன விதி இடம் கொடுத்தால், புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தப் பதிவுகளைக் கேட்க வழிசெய்யுங்கள்.