காரில் மஞ்சள் விளக்கு எரிகிறதா?

பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்!

புதுச்சேரியில் இருந்து கடலூர் போகும் சாலையில் நோணாங்குப்பம் இருக்கிறது. ஊரை ஒட்டிச் சுண்ணாம்பாறு ஓடுகிறது. விடுமுறை நாட்களில் படகு சவாரிக்காகக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள்.

அப்படி ஒரு குடும்பம் பழைய காரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது, ஸ்டீயரிங்குக்கு எதிரே பளிச்சென்று ஒரு மஞ்சள் விளக்கு! அதில் என்ஜின் படம் இருக்கிறது.

"என்னங்க அது?" என்று பதறுகிறார் மனைவி.

"கார் ஓடுகிறதே, பிறகு பார்க்கலாம்" என்கிறார் கணவர்.

இப்படிச் சொல்லலாமா?

விளக்கு வந்த கதை

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒரு காலத்தில் புகைமூட்டம் வாட்டியது. மக்களுக்குக் கண் எரிந்தது. கார்ப் புகை வெயிலில் மாறுவதே இதற்கு முக்கியக் காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950-களில் எடுத்துக் காட்டினார்.

அதன் பிறகு புகையைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. கோளாறு வந்தால் காரே சொல்லவேண்டும் என்ற விதியும் வந்தது. 1996 முதல் அமெரிக்காவின் எல்லாப் புதிய கார்களுக்கும் ஒரே மாதிரி முறை கட்டாயம் ஆனது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ்-4 கார்களுக்கு 2010-ல் முதல் படியும், 2013-ல் அடுத்த படியும் வந்தன.

ஆகவே, இந்த விளக்கு என்ஜினுக்கு மட்டும் காவல் அல்ல. பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்கும் அதுதான் காவல்.

சிமிட்டினால் ஆபத்து

விளக்கு சிமிட்டாமல் எரிந்தால், காரை நிதானமாக ஓட்டிச் சென்று சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டலாம்.

விட்டு விட்டு எரிந்தால்? என்ஜினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. 'மிஸ்சிங்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதுதான். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள 'கேடலிட்டிக் கன்வெர்ட்டர்' என்ற புகை வடிகட்டிக்குப் போகும். அது பழுக்கக் காய்ந்து கெட்டுவிடும். அதன் விலை அதிகம். உடனே வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துவதே நல்லது.

சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கோ, சூட்டு விளக்கோ எரிந்தால் யோசனையே கூடாது. அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்தவேண்டும்.

எண் சொல்வது என்ன?

காரில் ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. கோளாறு கண்டால் அதை எண்ணாகக் குறித்து வைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளைகள் கொண்ட ஓர் இணைப்பு உண்டு. அதில் ஸ்கேனரைச் செருகினால் எண் தெரியும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண் வந்ததும் பொருளை மாற்றிவிடுகிறார்கள். எண் சொல்வது வலி எங்கே என்பதை மட்டுமே. நோய் என்ன என்று மெக்கானிக்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

உதாரணம் பாருங்கள். 'பி0301' என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்சிங். தனித்தனிக் காயில் உள்ள கார் என்றால், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். எண் 'பி0302' என்று மாறினால் காயில்தான் குற்றவாளி! மாறாவிட்டால் பிளக்கைப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு ஒயர், இன்ஜெக்டர்.

'பி0171' வந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். இதற்கு ஆக்சிஜன் சென்சாரை மாற்றிச் செலவு செய்பவர்கள் உண்டு. வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய்கூடக் காரணமாக இருக்கலாம். சில கார்களில் பெட்ரோல் டாங்க் மூடி இறுகாமல் இருந்தாலே விளக்கு எரியும்!

கடல் காற்றும் வெள்ளமும்

கடலோர ஊர்களில் இன்னொரு எதிரி உப்புக் காற்று. ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். மின்சாரம் தடைப்படும்.

2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எத்தனையோ வாகனங்கள் தண்ணீரில் நின்றன. இணைப்புகளுக்குள் புகுந்த ஈரம் பல மாதம் கழித்தும் வேலையைக் காட்டும். கார் வெள்ளத்தில் நின்றிருந்தால், அதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

வாங்கும் முன் கவனம்!

பழைய கார் வாங்குகிறீர்களா? சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். மஞ்சள் விளக்கு எரியவேண்டும். என்ஜின் ஓடியதும் அணையவேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம். அல்லது யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கலாம்!

ஸ்கேனரால் எண்ணை அழித்தால் விளக்கு அணையும். கோளாறு போகாது. சில நாளில் மீண்டும் எரியும்.

காய்ச்சல் வந்தால் யாரும் தெர்மாமீட்டரை உடைப்பது இல்லை. விளக்கு எரிந்தால், "எதை மாற்றவேண்டும்?" என்று கேட்பதற்கு முன், "ஏன் எரிகிறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பணத்தையும் காக்கும், காரையும் காக்கும்!